முச்சந்தி வரைக்கும்

தப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே, "சாவு வருது, உள்ள வாங்க" என்று எங்களைத் திண்ணையிலிருந்து கொல்லைக்கு விரட்டிவிடுவார் அப்பாயி. ஊர்வலம் கடந்து போனதும் ஒரு குடம் தண்ணீரை வாசலில் ஊற்றிக் கழுவிய பிறகுதான் நாங்கள் வெளியே தலைகாட்டலாம். அதே அப்பாயி, வெளியூர் கிளம்பும்போது எதிரே சவம் வந்தால், "நல்ல சகுனம்டி, போற காரியம் கைகூடும்" என்பார். இந்த இரண்டையும் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். டெல்டா கிராமங்களில் என் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் வளர்ந்திருப்பார்கள்.

இரண்டுமே நம்மைப் பற்றிய கவலைதான். தீட்டு நம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது. சகுனம் நமக்குப் பலிக்க வேண்டும். பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு நடக்கிறவர்களைப் பற்றி அந்த நம்பிக்கைகளில் ஒரு சொல்லும் கிடையாது. சாலையோரத்தில் நிற்கும் நம்மை அவர்கள் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள் என்பது, அப்பா இறந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா இறந்தது அரசு மருத்துவமனையில். அங்கிருந்து உடலை வீடுவரை இலவசமாகக் கொண்டுவந்து சேர்க்க அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். தம்பி அழைத்தான். வண்டி வந்தது. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், தம்பி பின்னால் அப்பாவோடு. ஊர் எல்லையைத் தாண்டியதிலிருந்தே பின்னால் ஹாரன். கார், டூவீலர், தனியார் பஸ், ஒவ்வொன்றும் ஒட்டிக்கொண்டு வந்து, வெளிச்சம் அடித்து, முந்திக்கொண்டு போனது. ஒரு பாலத்தில் எதிரே லாரி வரும்போதே ஒரு கார் எங்களை உரசுவது போல உள்ளே நுழைந்தது. டிரைவர் பிரேக் போட்டதில் பின்னால் ஸ்ட்ரெச்சர் நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி, "அப்பா, அப்பா" என்று பதறிப்போய்க் கூப்பிட்டான்.

டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். "முன்ன 108 ஓட்டுனேன்க்கா. சைரன் கேட்டா ஒதுங்கிடுவாங்க. இந்த வண்டின்னா ஹாரன் அடிப்பாங்க. உள்ள இருக்கறவருக்கு இனிமே என்ன அவசரம், நமக்குத்தானே அவசரம்னு நெனைக்கிறாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. பழகிவிட்டது.

அவர் சொன்னதுதான் சட்டத்தின் நிலையும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194இ பிரிவின்படி, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உயிரைக் காப்பாற்றும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம். அமரர் ஊர்திக்கு அப்படி ஒன்று தேவையில்லை என்று சட்டம் நினைத்ததையும் நான் குறை சொல்லமாட்டேன். ஈமச் சடங்குக்குக் கூடியிருப்பவர்களை மனம் புண்படுத்தும் நோக்கத்தோடு தொந்தரவு செய்வது குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தின் 297-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 301. ஆனால் வேலைக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடிக்கிறவரை அதில் கொண்டுபோய் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. சாவுக்கு வழிவிடுவதைச் சட்டம் நம் மனசுக்கே விட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. முச்சந்தி வரைக்கும்தான். அங்கே பாடையை இறக்காமல் ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள். பெண்கள் கடைசியாக ஒருமுறை கும்பிட்டுவிட்டு அழுதபடியே திரும்பிவிட வேண்டும். இந்த வழக்கம் சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும் இடத்தில் நான் இல்லாமல் போனது இன்றைக்கும் உறுத்துகிறது. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது, அந்த முச்சந்தியில் நின்றதால் நான் பார்த்தது.

எங்கள் தெரு போய் முட்டுகிற இடம்தான் மெயின் ரோடு. அதைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் வாய்க்கால் கரை வழியாக ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். தம்பி கையில் கொள்ளிச்சட்டி, பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம், பின்னால் நாலு பேர் தோளில் அப்பா. சித்திரை மாத வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மெயின் ரோட்டில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. சித்தப்பா துண்டை வீசி வீசிக் காட்டுகிறார், ஒருவரும் வேகத்தைக் குறைக்கிற மாதிரி தெரியவில்லை. பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களின் கழுத்து நரம்பு புடைத்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

அப்போது நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மன்னார்குடிப் பக்கமிருந்து வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்காமல், சாலையின் நடுவிலேயே கொஞ்சம் கோணலாக நின்றது. பின்னால் வருகிற எவரும் முந்திப் போக முடியாதபடிதான் அதை நிறுத்தியிருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. இன்ஜின் அணைந்தது. டிரைவர் கதவைத் திறந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றி விட்டுவிட்டு, வெறும் காலோடு அந்தத் தாரில் இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். அதைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் வந்த அரசு பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி விசில் ஊதிப் பின்னால் வந்தவர்களை நிறுத்தினார். சாலை அப்படியே அடங்கிவிட்டது. அப்பா குறுக்கே கடந்து, வாய்க்கால் கரையில் இறங்கும் வரை அந்த லாரிக்காரர் அசையவில்லை. காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார், சூடு தாங்காமல்.

அம்மாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதுவரை யார் சொல்வதும் காதில் விழாத மாதிரி இருந்தவர், என் பக்கம் திரும்பி, "அவரு யாருடி? நம்ம ஆளா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. லாரிக்காரரு."

"எறங்கி நின்னாருல்ல" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதைச் சொன்னார். பெரிய மாலையோடு வந்த அரசியல்காரர்களை அம்மாவுக்கு நினைவில்லை. யார் கோடி போட்டார்கள், யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. கருமாதி அன்றைக்கும், முதல் திவசத்துக்கும், அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம், "முன்னபின்ன தெரியாத மனுஷன், வெறுங்காலோட எறங்கி நின்னாரு" என்பதுதான் அம்மா வாயிலிருந்து முதலில் வந்தது. பேர் தெரியாத ஒருவர் அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ நின்றது, என் அம்மாவுக்குப் பல வருஷங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படி ஒருவர் நிற்பதை இறந்தவர் பார்ப்பதில்லை. பின்னால் நடக்கிறவர்கள் பார்க்கிறார்கள். வீட்டில் ஒரு உயிர் போன பிறகு, உலகம் எப்போதும் போல ஓடிக்கொண்டிருப்பதுதான் தாங்க முடியாத விஷயம். டீக்கடையில் பாட்டு ஓடுகிறது, பஸ் நேரத்துக்கு வருகிறது. அந்த ஓட்டத்தை ஒரே ஒரு ஆள் ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டினால், "உங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம் இல்லை" என்று சொன்ன மாதிரி.

நான் தினமும் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய் வருகிறவள். இப்போதெல்லாம் ஊர்வலம் கண்ணில் பட்டால் தூரத்திலேயே இடது இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்துவிடுவேன். சடாரென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர் நம் மேல் ஏறுவார். சாலையை விட்டு மண்ணில் இறக்கி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிற்பேன். எதிரே வரும் ஊர்வலம் என்றால் முழுவதும் கடக்கும் வரை காத்திருப்பது ஒரு கஷ்டமே இல்லை. நாம் போகும் திசையிலேயே அது போனால்தான் சிக்கல். அதற்கும் வழி இருக்கிறது. எந்த ஊர்வலத்திலும் ஒரு பெரியவரோ இளவட்டமோ வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் கை காட்டும் வரை பின்னால் நடை வேகத்தில் போக வேண்டும். காட்டினால் ஹாரன் இல்லாமல், மெதுவாக, வலப்பக்கமாகக் கடந்துவிடலாம். தப்பு அடிக்கிறவர்களுக்கும் பாடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மட்டும் வண்டியை நுழைக்கக் கூடாது. பலர் அங்கேதான் நுழைகிறார்கள். காலியாகத் தெரிகிற இடம் அது. கொள்ளிச்சட்டியோடு மகன் நடக்கிற இடமும் அதுதான்.

பின்னால் ஹாரன் அடித்தால் திரும்பி முறைக்கமாட்டேன். கையை மட்டும் உயர்த்துவேன். பெரும்பாலும் அதுவே போதும். நிற்க மனமில்லாதவர்கள் குறைவு; முதலில் நிற்க ஒரு ஆள் இல்லாமல்தான் மற்றவர்களும் ஓடுகிறார்கள்.

கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். கடைவீதியில் எந்த ஊர்வலம் வந்தாலும் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து நிற்பார். முஸ்லிம்களின் சவ ஊர்வலமான ஜனாஸா வந்தால் எட்டு வைத்துப் போய், உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குக் கொஞ்ச தூரம் தோள் கொடுத்துவிட்டுத் திரும்புவார். இறந்தவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்துக்களின் பாடை போனாலும் நிற்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டேன். நபிகள் நாயகம் ஒரு யூதரின் ஜனாஸா போனபோது எழுந்து நின்ற கதையைச் சொன்னார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லையே என்று கூட இருந்தவர்கள் கேட்டதற்கு, அதுவும் ஒரு உயிர்தானே என்ற பொருளில் நபிகள் பதில் சொன்னாராம். "அதுக்கப்புறம் நமக்கு என்னம்மா யோசனை?" என்றார் பாய்.

வகுப்பில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது ஆம்புலன்ஸோடு இதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகள் கேள்வியில் கெட்டிக்காரர்கள். "டீச்சர், தீட்டு ஒட்டாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். என் அப்பாயி குரல் அது. வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிக்கொள், ஆனால் அங்கே நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்றேன். நம்பிக்கையை ஒரே நாளில் பிடுங்கி எறிய முடியாது. அதோடு சேர்த்து இன்னொன்றைப் பழக்கலாம்.

துக்க வீட்டுக்காரர்களும் சாலைக்குக் கடமைப்பட்டவர்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மாலைகளைப் பிய்த்து வழிநெடுக வீசுகிறார்கள். சம்பங்கியும் கோழிக்கொண்டையும் தார் ரோட்டில் நசுங்கினால் எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் வளைவில் அப்படி விழுந்து காரை எலும்பு முறிந்து கிடந்தான். பாடையிலிருந்து உருவிய புடவை பைக் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். சரவெடியை ரோட்டு நடுவில் கொளுத்திப்போட்டு, எதிரே குழந்தையோடு பைக்கில் வருகிறவரை அலற வைப்பதில் இறந்தவருக்கு என்ன மரியாதை சேர்ந்துவிடுகிறது?

அதனால் அம்மா காலமானபோது முதல் காரியமாக உறவுக்காரர்களை உட்காரவைத்துப் பேசினோம். மாலைகளை வழியில் போடக் கூடாது. சாக்கில் கட்டி மயானத்துக்கே எடுத்துப்போக வேண்டும். ஊர்வலத்துக்கு முன்னால் இரண்டு பையன்கள், பின்னால் இரண்டு பையன்கள், கையில் சிவப்புத் துணி. சாலையில் ஒரு பாதியை எப்போதும் விட்டுவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எதிரே தப்பை நிறுத்திவிட வேண்டும். பெரியப்பா மகன் குதித்தான். "சின்னம்மாவ இப்படியா அனுப்புறது? ஊரு என்ன சொல்லும்? வேட்டு இல்லாம ஒரு சாவா?" வேட்டு வேண்டும் என்றால் மயானத்துக்குள் போய் வெடியுங்கள் என்றோம். ஒத்துக்கொண்டார்கள்.

மெயின் ரோட்டை நெருங்கும்போது பின்னாலிருந்து சைரன் கேட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பாடை தூக்கியவர்கள் அப்படியே ஓரத்து மண்ணில் இறங்கி நின்றார்கள், தப்பு நின்றது, ஆம்புலன்ஸ் கடந்து போனது. அம்மா இதைப் பார்த்திருந்தால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் சாலை கிடைத்தவர்களின் கதை.

எங்கள் ஊரில் ஆதிதிராவிடர் குடியிருப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவர்களுடைய சுடுகாடு வயலுக்கு நடுவில் இருக்கிறது. இத்தனை வருஷம் மெயின் ரோட்டில் போய் வருகிறேன். அவர்கள் வீட்டுச் சாவு ஒன்றுக்குக்கூட நான் வண்டியை நிறுத்தியதில்லை, ஏனென்றால் ஒன்றுகூட அந்தச் சாலைக்கு வந்ததில்லை. அவர்கள் வரப்பு வழியாகவே போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடவு முடிந்து, மழை பிடித்து, வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போவதை என் மாணவன் ஒருவன் கட்டுரை நோட்டில் எழுதியிருந்தான். அவனுடைய தாத்தாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். தூக்கினவர் ஒருவர் வழுக்கி விழுந்ததையும், பாடை சாய்ந்ததையும், தன் அப்பா சேற்றில் உட்கார்ந்து அழுததையும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே அளவுகோலால் நேராக ஒரு கோடு போட்டிருந்தான்.

இது எங்கள் ஊரோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2016 ஜனவரியில், அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த வழுவூர் பக்கத்துத் திருநாள்கொண்டசேரியில், நூறு வயது தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுச் சாலை வழியாக எடுத்துப்போகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு கையில் இருந்தும் அது நடக்கவில்லை. போலீஸே உடலை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வயல் வழியே போக வழியில்லாமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்தக் காட்சி வீடியோவாக வந்ததும் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. என் அப்பாவுக்காக ஒரு லாரிக்காரர் இறங்கி நின்றதை நினைத்து இன்றும் நெகிழ்கிறவள் நான். அந்த மரியாதையைப் பெறுவதற்கே முதலில் சாலைக்கு வந்துசேர வேண்டியிருக்கிறது என்பதை அந்த மாணவனின் நோட்டைப் படிக்கும்போதுதான் முழுசாக உணர்ந்தேன். சிவப்பு மையால் அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல், அன்றைக்கு நோட்டைத் திருத்தாமலே கொடுத்தேன்.

பிறகு அவனுடைய அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அவர்கள் ஏற்கெனவே கிராம சபையில் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த முறை எங்கள் தெருவிலிருந்தும் சிலர் கூடப் போனோம். மயானப் பாதைக்குத் தீர்மானம் நிறைவேறியது. பாதி தூரம் புறம்போக்கு; அங்கே மண் அடித்து உயர்த்திவிட்டார்கள். மீதி பட்டா நிலம். ஒருவர் தன் வரப்போரம் இடம் தர எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் எங்களுக்குச் சொந்தக்காரர்தான், பங்காளி முறை. "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறார். சர்வேயர் வந்து அளந்து கல் போட்டால்தான் அடுத்த வேலை. குறுவை அறுப்பு முடிந்து சம்பா நடவுக்குள் அளந்தாக வேண்டும், பயிர் ஏறிவிட்டால் தை வரை வயலில் கால் வைக்க முடியாது. அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருக்காமல், மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பது என்று பேசியிருக்கிறோம். பங்காளி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் போகிறோம்.